முகமூடியின் விளிம்பு

1916-ஆம் ஆண்டில், லண்டன் மாநகரின் தென்மேற்குப் பகுதியாகிய வாண்ட்ஸ்வொர்த்தில், போரில் காயமுற்ற சிப்பாய்களுக்காக அமைந்திருந்த மூன்றாவது லண்டன் பொது மருத்துவமனையின் ஓர் அறையில், பிரான்சிஸ் டெர்வென்ட் வுட் என்னும் சிற்பி, சிற்பக் கலையின் சரித்திரத்தில் மிகவும் அபூர்வமான ஒரு காரியத்தைத் தொடங்கினார். போர்முனைக்குப் போகும் வயதைக் கடந்துவிட்ட அவர், அதற்கு முந்திய ஆண்டில் ராணுவ மருத்துவப் படையில் சாதாரணப் பணியாளராகச் சேர்ந்து, முறிந்த எலும்புகளை அசையாமல் வைத்துக் கட்டும் மட்டைகளைச் செய்து கொண்டிருந்தவர். மூக்கையோ தாடையையோ ஒரு பக்கத்துக் கன்னம் முழுவதையுமோ குண்டுச் சிதறலுக்குப் பறிகொடுத்துவிட்டு உயிரோடு மட்டும் மீண்டு வந்த இளைஞர்களை அவர் அங்கே நாள்தோறும் கண்டார்; அவர்களுக்கு உலோகத்தால் முகம் செய்து கொடுப்பது என்று தீர்மானித்தார். அந்த அறைக்குச் சிப்பாய்கள் 'தகர மூக்குக் கடை' என்று பெயரிட்டிருந்தார்கள். தகரம் என்பது பேச்சுக்குத்தான். அங்கே பயன்பட்டது செம்பு.

முகமூடி என்றவுடன் நாம் வழக்கமாக இரண்டு அபிப்பிராயங்களில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: அது உண்மையான முகத்தை மறைக்கிறது என்பது ஒன்று, மறைவைக் கொடுப்பதனாலேயே மனிதனின் உண்மையான சுபாவத்தை வெளியே கொண்டுவருகிறது என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று எதிரானவைபோலத் தோன்றும் இவ்விரண்டும் ஒரே எண்ணத்தை அடிப்படையாகக் கொண்டவை. முகமூடிக்குப் பின்னால், மாறாததும் முழுமையானதுமான ஒரு 'தான்' ஏற்கெனவே தயாராக வீற்றிருக்கிறது என்பதே அந்த எண்ணம். முகமூடி செய்பவர்களின் வேலையை அருகிலிருந்து கவனிக்கிறவர்களுக்கு இந்த எண்ணம் நிலைப்பதில்லை. செய்பவன் முன்னால் இருக்கிற பிரச்னை வேறு. மனித முகம் கணந்தோறும் மாறுவது. அதில் ஒரு கணத்தை மட்டும் எடுத்து மரத்திலோ உலோகத்திலோ நிறுத்தவேண்டும். நிறுத்தியதை, மாறிக்கொண்டே இருக்கிற சதையின்மேல் பொருத்தவேண்டும். அப்படிப் பொருத்தும்போது பொருள் முடிந்து உடல் தொடங்குகிற ஓர் எல்லைக்கோடு தவிர்க்கமுடியாமல் ஏற்பட்டுவிடுகிறது. அந்த விளிம்பை ஒரு கலைஞன் என்ன செய்கிறான் என்பதிலிருந்தே மனிதனுடைய சுயரூபத்தைப் பற்றி அவன் கொண்டிருக்கிற கருத்தை அறிந்துகொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வுட்டின் பட்டறைக்கு முகம் இழந்தவர்கள் அத்தனை பேர் வந்து சேர்ந்ததற்குக் காரணம் அந்தப் போரின் தன்மையே. பதுங்கு குழியில் நின்று போரிடுகிறவனுக்கு உடலை மண் காத்தது; தலை வெளியே தெரிந்தது. 1915-க்குப் பின் வழக்கத்துக்கு வந்த உருக்குத் தொப்பி மண்டையைக் காத்தது, முகத்தைக் காக்கவில்லை. முற்காலத்துப் போர்களில் உயிரிழந்திருக்கக்கூடியவர்களை வைத்திய சாஸ்திரத்தின் முன்னேற்றம் பிழைக்கவைத்தது. சிட்கப் என்ற ஊரில் 1917-இல் திறக்கப்பட்ட குவீன்ஸ் மருத்துவமனையில் ஹெரால்ட் கில்லிஸ் என்ற சத்திர சிகிச்சை நிபுணரும் அவருடைய சகாக்களும் 5,000-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தோலும் எலும்பும் ஒட்டவைத்து முகத்தைத் திரும்ப அமைத்தார்கள் என்பது நவீன வைத்தியத்தின் பெருமைக்குரிய அத்தியாயங்களில் ஒன்று. ஆயினும் கத்தியால் சீர்செய்ய முடியாத முகங்கள் எஞ்சின. சத்திர வைத்தியர் தம்மால் இயன்றதையெல்லாம் செய்து முடித்த இடத்திலேயே தம்முடைய வேலை தொடங்குகிறது என்று வுட், 'லான்ஸெட்' என்னும் மருத்துவ சஞ்சிகையில் 1917-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார்.

இந்த நோயாளிகள் இருந்த வார்டுகளில் நிலைக்கண்ணாடி வைப்பதில்லை. சிட்கப்பிலோ, மருத்துவமனையிலிருந்து ஊருக்குள் செல்லும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல வர்ணம் பூசியிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவருடைய முகம் பார்ப்பவர்களைத் திடுக்கிட வைக்கலாம் என்று ஊராருக்கு முன்கூட்டியே அறிவிப்பதற்காக அந்த ஏற்பாடு. கருணையோடு செய்யப்பட்ட இவ்விரண்டு ஏற்பாடுகளையும் சேர்த்து யோசித்தால் மனம் கனக்கிறது. ஒன்று அவன் தன்னைப் பார்க்காமல் தடுத்தது. மற்றொன்று பிறர் அவனைப் பார்க்காமல் தடுத்தது. ஒரு மனிதனுக்குத் தன் முகம் கிடைப்பதற்கு உலகில் இருக்கிற வழிகள் இவ்விரண்டே அல்லவா? கை, கால் இழந்தவனை வீரன் என்று வீதியில் வணங்கிய சமூகம், முகம் இழந்தவனை ஏறிட்டுப் பார்க்கக் கூசியது. வுட் செய்து கொடுத்த செம்புத் தகடு அழகுக்காக அணியும் பொருளன்று. எதிரே வருபவன் பார்வையைத் திருப்பிக்கொள்ளாமல் இருப்பதற்கான ஒரு சாதனம் அது.

செய்முறையைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். காயங்கள் முற்றிலும் ஆறிய பிறகு, சிப்பாயை உட்காரவைத்து, முகத்தின் பள்ளங்களில் பஞ்சு அடைத்து, பிளாஸ்டர் பூசி அச்சு எடுப்பார்கள். அந்த அச்சிலிருந்து, கண்கள் மூடிய நிலையில், காயத்தோடு கூடிய முகத்தின் பிரதி கிடைக்கும். அந்தப் பிரதியின்மேல்தான் சிற்பியின் வேலை நடைபெறும். முழுமையாக இருக்கிற பக்கத்தைப் பார்த்து இல்லாத பக்கத்தைக் களிமண்ணில் வனைவார். மூடியிருந்த கண்ணைத் திறப்பார். இல்லாத மூக்குக்கு எலும்பின் மேடும் நாசியின் வளைவும் கொடுப்பார். பிறகு அந்த உருவத்தின்மேல் மின்சாரத்தின் உதவியால் செம்பைப் படியவைத்து எடுத்தால், ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் ஒரு பங்கு கனமுள்ள மெல்லிய ஓடு கிடைக்கும். முகம் முழுவதையும் மூடுவதா ஒரு பகுதியை மட்டும் மூடுவதா என்பதற்கேற்ப அதன் எடை ஏறக்குறைய 115 கிராமிலிருந்து 255 கிராம் வரை இருக்கும். அதை முகத்தில் பிடித்து நிறுத்துவது மூக்குக் கண்ணாடி. கண்ணாடியின் கம்பிகள் காதில் மாட்டிக்கொள்ள, பார்ப்பவர் கண்ணுக்கு அது கண்ணாடி அணிந்த மனிதனின் முகமாகவே தோன்றும்.

வுட்டின் பணியைக் கேள்வியுற்று, பாஸ்டன் நகரத்துச் சிற்பியான அன்னா கோல்மன் லேட் அட்லாண்டிக்கைக் கடந்து வந்து, அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவில், 1918-இல் பாரிஸின் இலத்தீன் வட்டாரத்தில் இதே வேலைக்கு ஒரு கலைக்கூடம் அமைத்தார். பூக்களும் கொடிகளும் சுவரொட்டிகளுமாக அந்த அறையை அவர் அலங்கரித்திருந்தார். வருகிறவனுக்கு அது மருத்துவமனை என்ற நினைவு வரக்கூடாது என்பது அவருடைய எண்ணம். பிரெஞ்சு அரசு 1932-இல் அவருக்கு லெஜியன் ஆஃப் ஆனர் விருதை வழங்கியது. செம்பு ஓட்டுக்கு வர்ணம் தீட்டும் கட்டத்தில் இவர்கள் இருவரும் கையாண்ட முறை ஊன்றிப் பார்க்கத்தக்கது: ஓட்டை மேஜையின்மேல் வைத்து அவர்கள் வர்ணம் தீட்டவில்லை, உரியவன் அதை அணிந்து எதிரே உட்கார்ந்திருக்க, அவன் முகத்தின்மேலேயே எனாமல் வர்ணத்தைத் தீட்டினார்கள். சதையின் நிறம் வெயிலில் ஒன்று, மேகமூட்டமான நாளில் வேறொன்று. எனாமலோ எந்த நாளிலும் ஒரே நிறம். ஆகவே இரண்டு நாட்களுக்கும் நடுவில் ஒரு நிறத்தை லேட் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. சவரம் செய்த கன்னத்தில் படரும் இலேசான நீல நிறத்தைக்கூட அவர் விடவில்லை. புருவத்துக்கும் இமைக்கும் மீசைக்கும் உண்மையான மயிரைப் பதித்தார்.

இத்தனை நுட்பங்களுக்கும் மேலாகச் சிற்பி எதிர்கொண்ட கேள்வி, எந்த முகத்தைச் செய்வது என்பது. அதற்கு அவர்களுக்குக் கிடைத்த ஆதாரம், போருக்கு முன்னால் எடுத்த புகைப்படம். பட்டாளத்தில் சேர்ந்த நாளிலோ குடும்பத்தில் ஒரு விசேஷத்தின்போதோ எடுத்த அந்தப் படத்தில், இருபது வயது இளைஞன் புகைப்படக்காரர் சொன்னபடி விறைப்பாக நின்றிருப்பான். அந்த ஒரு கணமே இனி அவனுடைய நிரந்தரமான முகம் ஆகிவிடுகிறது. அவனுடைய ஆயுளின் ஆயிரமாயிரம் பாவங்களில் தற்செயலாகக் கண்ணாடித் தகட்டில் விழுந்த ஒன்று, செம்பாகி, அவன் தலைமேல் உட்கார்கிறது. அவனுக்கு வயது ஏறும்; முகமூடிக்கு ஏறாது. அவன் சிரித்தால் கண் சிரிக்கும், கன்னம் சிரிக்காது. தெருவில் போவோர் கண்ணுக்கு அவன் பழையபடி மனிதன் ஆகிவிட்டான் என்பது பெரிய உபகாரம்தான். ஆனால் பக்கத்தில் அமர்ந்து பேசுகிறவர்களுக்கு அசையாத கன்னம் புலப்படாமல் இராது. எனாமல் நாளடைவில் உதிர்ந்தது, தகடு கசங்கியது. வுட்டின் பட்டறை 1919-இல் மூடப்பட்டது. அங்கே செய்தவற்றில் பெரும்பாலானவை இன்று எங்கும் காணக் கிடைப்பதில்லை, எஞ்சியிருப்பவை புகைப்படங்களே. அவற்றில் ஹொரேஸ் நிக்கல்ஸ் எடுத்த ஒரு படத்தில், வுட் தூரிகையோடு ஒரு சிப்பாயின் முகத்துக்கு மிக நெருக்கமாக நின்று இறுதி மெருகு கொடுத்துக்கொண்டிருக்கிறார். தூரிகை தொடுவது எனாமலையா தோலையா என்று நமக்குச் சட்டென்று தெரிவதில்லை. அவர் விரும்பியதும் அதுவே. விளிம்பு தெரியக்கூடாது, கண்ணாடியின் சட்டமும் மீசையின் நுனியும் அதை மறைத்துவிட வேண்டும். முன்பு இருந்த ஒருவனை அப்படியே மீட்டுக்கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையின் உச்சத்தை நாம் இங்கே காண்கிறோம். அந்த நம்பிக்கையைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. அது நிறைவேறாமற் போனதற்குக் காரணம் கலையின் குறை அன்று, முகத்தின் இயல்பு என்று மட்டும் சொல்வேன்.

அசையாத பொருளுக்கு அசைவைக் கொடுப்பது எப்படி என்ற இதே பிரச்னையை, ஜப்பானிய நோ நாடகத்தின் முகமூடிக் கலைஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வேறு மார்க்கத்தில் தீர்த்திருந்தார்கள். 14, 15-ஆம் நூற்றாண்டுகளில் கானாமியும் அவருடைய மகன் ஸேயாமியும் உருவாக்கிய அந்த நாடக மரபில், பிரதான பாத்திரம் தாங்கும் நடிகர் பெண்ணாகவோ முதியவராகவோ தெய்வமாகவோ ஆவியாகவோ வரும்போது முகமூடி அணிகிறார். ஹினோகி என்னும் ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் ஒரே கட்டையிலிருந்து அதைச் செதுக்குகிறார்கள். சிப்பித் தூளை விலங்குப் பசையில் குழைத்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சுக்கள் பூசித் தேய்த்து, அதன்மேல் நிறமும் மயிர்க்கோடுகளும் தீட்டுகிறார்கள். கோ-ஓமோதே என்னும் இளம்பெண்ணின் முகமூடியைப் பார்த்தால், அவள் மகிழ்ந்திருக்கிறாளா வருந்துகிறாளா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையில் சிற்பி அவளை நிறுத்திவிடுகிறான். மற்றவற்றைச் செய்வது நடிகரின் கழுத்து. முகமூடியைச் சற்றே நிமிர்த்தினால் வெளிச்சம் படர்ந்து முகம் மலர்கிறது. தாழ்த்தினால் நெற்றியின் நிழல் விழுந்து துக்கம் கவிகிறது. இது அந்த மரபினர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் விதி.

மைக்கேல் லயன்ஸ் முதலிய ஆராய்ச்சியாளர்கள் இந்த விதியைச் சோதித்துப் பார்த்து, 2000-ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொஸைட்டியின் சஞ்சிகையில் வெளியிட்ட முடிவு ஆச்சரியமானது. நோ முகமூடியைப் பல கோணங்களில் சாய்த்து எடுத்த படங்களை ஜப்பானியருக்கும் ஆங்கிலேயருக்கும் காட்டியபோது, முன்னால் தாழ்ந்த முகமூடியையே மகிழ்ச்சியானது என்று பலர் கூறினார்கள். பின்னால் சாய்ந்ததைத் துக்கமானது என்றார்கள். தாழும்போது வளைந்த உதட்டின் கோடிகள் மேல்நோக்கித் திரும்பியதுபோலத் தெரிவதுதான் காரணம். ஆனால் ஜப்பானியரின் தீர்ப்பும் ஆங்கிலேயரின் தீர்ப்பும் எல்லாக் கோணங்களிலும் ஒத்துப்போகவில்லை. மிகவும் தாழ்ந்த நிலையில் ஜப்பானியருக்கு அந்த முகத்தில் மீண்டும் துக்கம் தெரியத் தொடங்கியது. இந்தச் சோதனை மரபின் விதியைப் பொய்யாக்கிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. மேடையில் உடலும் குரலும் உடையும் கதையும் சேர்ந்தே பாவம் பிறக்கிறது, தனியாக எடுத்த படத்தில் அவை இல்லை. எனினும் ஓர் உண்மை தெளிவாகிறது. முகமூடியின் முகபாவத்தில் ஒரு பங்கு மரத்தில் இருக்கிறது. மற்றொரு பங்கைப் பார்ப்பவன் தன் பழக்கத்திலிருந்து கொண்டுவந்து சேர்க்கிறான்.

நோ மேடைக்குச் செல்லும் நடைபாலத்தின் கோடியில், திரைக்குப் பின்னால், நிலைக்கண்ணாடி வைத்த ஓர் அறை உண்டு. உடை முழுவதும் அணிந்த நடிகர் அங்கே கண்ணாடியின் எதிரே அமர்ந்து, முகமூடியை இரு கைகளாலும் ஏந்தி வணங்கிவிட்டு அணிந்துகொள்கிறார். அணிந்த பிறகு, கண்ணாடியில் தெரியும் அந்த அந்நிய முகத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். முகமூடியின் கண்துளைகள் மிகச் சிறியவை. அவற்றின் வழியே மேடை முழுவதும் தெரியாது. மேடையின் மூலைத் தூண் ஒன்றைக் குறியாக வைத்துக்கொண்டே அவர் தாம் நிற்கும் இடத்தை அறிகிறார். தம் காலடிகூடச் சரியாகத் தெரியாத ஒருவர், தம் முழு உருவமும் பிறருக்கு எப்படித் தோன்றுகிறதென்று ஒவ்வொரு கணமும் அறிந்திருக்க வேண்டும். ஸேயாமி 1424-இல் எழுதி முடித்த 'காக்யோ' என்னும் நூலில் இதைப் பெரிய சாதனையாகவே வகுத்திருக்கிறார்: நடிகன் தன் கண்ணால் தன்னைப் பார்ப்பது போதாது, சபையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்ணாகத் தன் மனத்தை அங்கே வைத்து, தன் முதுகுப்புறம் உட்படத் தன்னைக் காணவேண்டும் என்பது அவருடைய போதனையின் சாரம். வாண்ட்ஸ்வொர்த்தில் கண்ணாடியை எடுத்துவிட்டார்கள். இங்கே கண்ணாடியில் தொடங்கி, கண்ணாடியே தேவைப்படாத ஒரு பார்வையைப் பயில்கிறார்கள்.

முகமூடி செதுக்குகிறவனின் நிலையும் இதற்கு இசைந்ததே. அவன் பெரும்பாலும் புதிய முகத்தைக் கற்பனை செய்வதில்லை; நாடகக் குடும்பங்கள் பரம்பரையாகக் காத்துவரும் பழைய முகமூடி ஒன்றை, காகிதத்தில் வெட்டிய அளவுச் சட்டங்களை வைத்து ஒவ்வொரு வளைவாக ஒப்பிட்டுப் பிரதி செய்கிறான். மூலத்தில் வர்ணம் உதிர்ந்திருக்கிற இடத்தில் தன் பிரதியிலும் உதிர்க்கிறான். நூற்றாண்டுகளின் உபயோகத்தால் கன்னத்தில் விழுந்த கீறலைத் தானும் கீறுகிறான். கலைஞன் என்றால் தன்னை வெளிப்படுத்துகிறவன் என்று பழகிப்போன நமக்கு இது கலையா என்ற சந்தேகம் எழலாம். ஆனால் அந்த உதிர்வும் கீறலும் அந்த முகத்தின் ஆயுளில் சேர்ந்துவிட்டவை. வுட் புகைப்படத்திலிருந்து போருக்கு முந்திய, காயமே இல்லாத முகத்தைத் தேடினார். நோ சிற்பி காயத்தோடு கூடியதையே முகமாக ஏற்றுக்கொள்கிறான்.

இனி விளிம்பைப் பார்ப்போம். நோ முகமூடி மனித முகத்தைவிடச் சிறியது. பெண் முகமூடிகள் ஏறக்குறைய 21 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். அதனால் அணிந்தவரின் மோவாயும் தாடைச் சதையும் வெளியே தெரிகின்றன. பதினாறு வயதுப் பெண்ணின் வெண்ணிற முகத்துக்குக் கீழே அறுபது வயது ஆடவரின் தளர்ந்த கழுத்து அசைந்து பாடுவதைச் சபையோர் காண்கிறார்கள். முகமூடியைப் பெரிதாகச் செய்து இதை மறைத்துவிடுவது அந்தச் சிற்பிகளுக்கு அரிய காரியம் அன்று, அவர்கள் செய்யவில்லை. பெண்ணும் கிழவரும் ஒருங்கே தெரிய, எவரும் ஏமாற்றப்படாமல் இருக்க, நாடகம் நடக்கிறது. உயிரோடிருக்கும் சாதாரண ஆடவனாக வரும்போது அதே நடிகர் முகமூடி அணிவதில்லை. ஆனால் அப்போதும் புருவத்தை உயர்த்தவோ உதட்டைச் சுழிக்கவோ அவருக்கு அனுமதி கிடையாது. தம் சொந்த முகத்தையே முகமூடியாகப் பாவித்து அதை அவர் அசையாமல் வைத்திருக்க வேண்டும். பிறவி முகமும் ஒரு வேஷமே என்று இவ்வளவு தெளிவாக அனுஷ்டானத்தில் காட்டிய நாடக மரபு வேறொன்று உண்டோ என்று வியக்கிறேன்.

நம் காலத்தில் இந்தப் பிரச்னையை மிகுந்த தீவிரத்துடன் கையில் எடுத்தவர் கில்லியன் வேரிங். 1963-இல் பர்மிங்ஹாமில் பிறந்து, 1997-இல் டர்னர் பரிசு பெற்ற இந்தக் கலைஞர், 2003 முதல் 2006 வரை 'ஆல்பம்' என்ற புகைப்பட வரிசையை உருவாக்கினார். வுட்டைப் போலவே அவரும் பழைய புகைப்படங்களிலிருந்தே தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. தம் குடும்ப ஆல்பத்திலிருந்த படங்களை வைத்துக்கொண்டு, மேடம் டுஸாட்ஸ் மெழுகுச் சிலைக்கூடத்தில் பயிற்சி பெற்ற கைவினைஞர்களின் துணையுடன், தாய், தந்தை, சகோதரி, சகோதரன், மாமன் ஆகியோரின் முகங்களை சிலிகோனில் செய்வித்து, ஒவ்வொன்றையும் தாமே அணிந்து, பழைய படத்தின் உடையிலும் ஒளியிலும் புகைப்படமாக எடுத்துக்கொண்டார். முதற்பார்வையில் அவை சாதாரணக் குடும்பப் படங்களே. மூன்று வயதுக் குழந்தையாக இருந்த தம்மையும் பதினேழு வயதுப் பெண்ணாக இருந்த தம்மையும்கூட அவர் முகமூடியாக்கி அணிந்திருக்கிறார். பதினேழு வயது முகத்திலிருந்து, நாற்பதை நெருங்கிய ஒருத்தியின் கண்கள் நம்மைப் பார்க்கின்றன.

அந்தக் கண்களைச் சுற்றி ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. சிலிகோன் முடிந்து இமை தொடங்கும் இடம். புகைப்படத்தில் அதைத் துடைத்தெடுப்பது இந்நாளில் மிக எளிது. வேரிங் அதை வேண்டுமென்றே விட்டுவைத்தார். தோலின் துவாரம்வரை மெய்போலச் செய்துவிட்டு, இந்த ஒரு கோட்டில் மட்டும் உண்மையை ஒப்புக்கொள்ளும் இந்தப் படங்களின் முன்னால் நிற்பவருக்கு, தாயின் முகத்தை மகள் அணிந்திருக்கிறாளா, அல்லது மகளின் கண்ணுக்குள் தாய் எப்போதும் இருந்துகொண்டிருந்தாளா என்ற கேள்வி எழாமல் இராது. நம்மில் பலர் ஒரு வயதுக்குமேல் கண்ணாடியில் நம் தகப்பனாரின் சாயலைக் கண்டு திடுக்கிட்டிருக்கிறோம். அந்த அனுபவத்தை வேரிங் தம் கலைப்பொருளாக்கிக் கொண்டார்.

குடும்பத்தோடு அவர் நிற்கவில்லை; தம் கலைக்கு முன்னோர் என்று தாம் கருதியவர்களின் முகங்களையும் அணியத் தொடங்கினார். அவர்களில் ஒருவர் கிளோட் காஹுன். பிரான்ஸின் நான்த் நகரில் 1894-இல் லூசி ஷ்வோப் என்ற பெயரில் பிறந்து, ஆண், பெண் என்ற பாகுபாட்டில் அடங்காத பெயரொன்றைத் தாமே சூட்டிக்கொண்டு, தலையை மழித்தும், வேஷம் மாற்றியும், முகமூடிகள் தைத்த அங்கியை அணிந்தும் தம்மையே ஓயாமல் புகைப்படமாக்கியவர் அவர்; ஜெர்ஸித் தீவில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்துத் துண்டுப் பிரசுரங்கள் பரப்பி, 1944-இல் சிறைப்பட்டு, மரண தண்டனை விதிக்கப்பட்டு, அது நிறைவேற்றப்படாமலே போர் முடிவில் விடுதலை பெற்றவர். 2012-இல் வேரிங் எடுத்துக்கொண்ட படத்தில், காஹுனின் முகத்தை அணிந்து, தம் சொந்த முகத்தைச் செய்த முகமூடியைக் கையில் பிடித்திருக்கிறார்.

இவ்விருவருடைய படைப்புகளையும் 2017-இல் லண்டன் தேசிய உருவப்பட மாளிகை ஒருங்கே காட்சிக்கு வைத்தது. கீர்த்தி பெற்றவர்களின் முகச்சாயலைப் பிற்காலத்தாருக்காகச் சேமித்து வைப்பதற்கென்றே 1856-இல் ஏற்பட்ட நிலையம் அது. எந்தப் படத்தின் கீழும் அது இன்னாருடைய முகம் என்று எழுதியிருப்பது அதன் சம்பிரதாயம். வேரிங்கின் படங்களுக்குக் கீழே அப்படி எழுதவேண்டியதைக் கலைஞரே முன்கூட்டி முடிவு செய்திருந்தார். 'ஆல்பம்' வரிசையில், தாயின் முகமாயினும் தந்தையின் முகமாயினும் மாமனின் முகமாயினும், தலைப்பு ஒவ்வொன்றையும் அவர் 'சுய உருவப்படம்' என்றே தொடங்கி, அணிந்திருக்கும் முகத்துக்கு உரியவரின் பெயரை அதற்குப் பின்னரே சேர்த்திருக்கிறார்.